கட்டாருக்குப் போனவர்

கல்முனைக்குடி
2025.01.19

ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகம் எப்படி என்று கேட்டால் "இரிக்கன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள் என்பது தெரியும். அதனால் விபரமாகவே கேட்கிறேன். சாப்பாடு இறங்குகிறதா? உடம்பு நோவு குறைந்ததா? நான் வைத்துவிட்ட கம்பளிச் சட்டையைப் போடுகிறீர்களா, இல்லை அது பைக்குள்ளேயே கிடக்கிறதா?

போன் கூடாது, கடிதம் எழுதலாம் என்று மருந்தெடுக்கும் நிலையத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கலியாணம் பேசிய காலத்திலும் நமக்குள் ஒரு கடிதம் போய் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் அபாயா தைக்க வருகிறவர்களின் தோள் அளவும் கை நீளமும்தான். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், கோபிக்க வேண்டாம். அன்று சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வீட்டுப் பின்வேலிக் கடப்பால் இறங்கிப் போய் வான் வண்டியில் ஏறினீர்கள் அல்லவா? யாரும் காணவில்லை என்று நினைத்திருந்தேன். காலையில் பக்கத்து வீட்டுச் சிபானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "எங்க ராத்தா, நளீம் காக்காட சத்தத்தையே காணல்ல?" என்றாள். என் வாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "கட்டாருக்குப் போயிட்டாரு புள்ள, திடீரெண்டு விசா வந்திச்சி" என்று சொல்லிவிட்டது. ளுஹர் பாங்கு சொல்வதற்கிடையில் ஊர் முழுக்க நீங்கள் கட்டாரில்.

என்ன வேலை என்று கேட்டார்கள். மெஷின் ஓட்டுகிறார் என்றேன். கட்டாரில் எங்கே நெல் விளைகிறது, எதை வெட்டுகிறார் என்று நல்ல காலம் ஒருவரும் கேட்கவில்லை.

உடம்பைப் பாருங்கள். எழுதுங்கள். ஒரு சொல்லாக இருந்தாலும் எழுதுங்கள்.

துஆவுடன்,
ஸகியா

*

2025.02.04

ஸகியாவுக்கு,

ஸலாம். இருக்கிறேன்.

அதற்கு மேலும் எழுத வேண்டும் என்று இங்கே ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். அவர் பெயர் கிறிஸ்ரோபர். நம்மூர் ஆள்தான், கல்முனை மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகும் குடும்பம். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து எல்லாவற்றையும் இழந்தவராம். இப்போது இங்கேயே தங்கி எங்களைப் பார்த்துக்கொள்கிறார். எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம்.

வந்த புதிதில் மருந்து அறையில்தான் கிடந்தேன். டொக்டர் தந்த மாத்திரை நோவைக் கொஞ்சம் தணித்தது. போதைத் தூளை விடட்டும் என்று உன் கூடப்பிறந்த காக்காமார் என்னை அறைக்குள் போட்டுப் பூட்டினார்களே, அதே நோவுதான். ஆனால் இங்கே பூட்டில்லை. கதவு திறந்து கிடக்கிறது, போக வேண்டுமென்றால் போகலாம். அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

அன்று வாந்தியோடு கிடந்தபோது, நான் சாகப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, தூள விட்டா உயிர் போற மாதிரிக் கிடக்கும், அனேகமாப் போகாது. சாராயத்த நெடுகக் குடிச்சவன் ஒரேயடியா விட்டாத்தான் மெய்யாவே உயிர் போகும். கை நடுங்கும், இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அவனுக்கு ஆஸ்பத்திரிதான் வேணும். நீ பொழைச்சிருவாய்." இப்படியும் ஒரு ஆறுதல்.

கட்டார் நல்லது. அப்படியே இருக்கட்டும்.

நளீம்

*

கல்முனைக்குடி
2025.02.16

ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. பூட்டில்லாத கதவுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வாசித்த இடத்தில் தையலை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் அழுதேன். நாங்கள் இருவரும் நலம்.

இங்கே பெரும்போக அறுவடை மும்முரம். நீங்கள் ஓட்டிய வெட்டு மெஷினை முதலாளி மீராமுகைதீன் ஹாஜியார் வேறொருவரிடம் கொடுத்துச் சவளக்கடைப் பக்கம் இறக்கியிருக்கிறார். வீதியில் அந்த மெஷின் போகும் சத்தம் கேட்டால் எழும்பி ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். கண்ணை மூடாமல் வயல் வயலாக வெட்டச் சொன்னவர்கள், தூக்கம் வராமலிருக்க மாத்திரை தந்தவர்கள், பிறகு தூங்குவதற்குத் தூள் தந்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கெட்டுப் போனவன் என்ற பெயர் உங்களுக்கு மட்டும்.

கட்டார்ப் பொய் நாளுக்கு நாள் சாப்பாடு கேட்கிறது. சிபானாவின் உம்மா, "உன்ட மாப்பிள்ள வீடியோ கோல் எடுக்கிறல்லியா?" என்று கேட்டார். பாலைவனத்தில் வேலை, சிக்னல் இல்லை என்றேன். ஹுஸ்னியாவின் வகுப்பில் ஒரு பிள்ளையின் வாப்பாவும் கட்டாரில்தானாம். உங்கட வாப்பாவும் என்ட வாப்பாவும் கண்டிருப்பாங்களா என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. இவள் கண்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளைக்கும் பொய் படிப்பித்துவிட்டேன்.

தபால்காரர் ஸைனுலாப்தீன் காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாரிலிருக்கும் மனிசனின் கடிதம் மலைநாட்டு முத்திரையோடு வந்தால் அவருக்கு விளங்காதா? உங்கள் கடிதத்தை மின்சார பில்லுக்குள் மடித்து வைத்து, "கரண்ட் பில் வந்திரிக்கி மகள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லித் தந்துவிட்டுப் போனார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிசனுக்கு இப்படியும் மரியாதை இருக்குமா?

துஆவுடன்,
ஸகியா

*

2025.03.10

அன்பின் ஸகியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், மெய்யாகவே நலம். நீங்கள் இருவரும் நோன்பு பிடித்துக்கொண்டு உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நோன்பாளிகள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். ஸஹருக்கு எங்களை எழுப்புவது கிறிஸ்ரோபர் அண்ணன். சோற்றைச் சூடாக்கித் தேத்தண்ணியும் ஊற்றி வைத்துவிட்டு, கடைசி ஆள் சாப்பிட்டு முடியும்வரை கதவோரம் உட்கார்ந்திருப்பார். "அண்ணன், நீங்க போய்ப் படுங்க" என்றால், "நீங்க பசிக்கு இரிக்கப் போறீங்க, நான் கொஞ்சம் முழிச்சாவது இரிக்கன்" என்கிறார்.

பகலில் வட்டமாக இருந்து கதைக்கிறோம். முதலில் எனக்கு அது பிடிக்கவேயில்லை. வெட்டு மெஷின்காரனுக்கு என்ன கதை? ஆனால் ஒருவன் சொல்வதைக் கேட்டால் அது என் கதையாகவே இருக்கிறது. ஆசை எழும்பும்போது என்ன செய்வது, யாரிடம் போவது, எந்தச் சந்தியைத் தவிர்ப்பது என்றெல்லாம் ஒவ்வொருவரும் தன் ஊரை நினைத்து ஒரு படம் வரைகிறோம். என் படத்தில் நம்மூர்ச் சந்திகளில் பாதிக்குக் கோடு விழுந்துவிட்டது. இனி நான் எந்த வழியால் வீட்டுக்கு வருவது என்று அண்ணன் கேட்டுச் சிரிக்கிறார்.

நீ எனக்காக எத்தனை வாசல் ஏறினாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாய். பூட்டிப் பார்த்தாய். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாய், நான் மருந்தை வாங்கிக்கொண்டு பின்னால் போய்த் தூள் எடுத்தேன். அதற்குப் பிறகும் விடாமல் இந்த இடத்தை விசாரித்துப் பிடித்தாயே! வீடு உன் பேரில் உள்ள சீதன வீடு. நம்மூர் வழக்கத்துக்கு என் உடுப்பைச் சுருட்டி என்னை என் உம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு குடும்பத்தார் வரலாம். உன்னை எதிர்பார்க்கவில்லை. கட்டார்க்காரனின் பெண்சாதி மலைநாட்டு பஸ்ஸில் ஏறினால் ஊர் கேட்கும் என்பது தெரியும்.

பிரியமுடன்,
நளீம்

*

கல்முனைக்குடி
2025.03.21

அன்புள்ள ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறது. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதைப் பற்றி எழுத வெட்கமாக இருப்பதால் வேறு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று அஸருக்குப் பிறகு சிபானா வந்தாள். கஞ்சிக்கோப்பை திருப்பித் தர வந்தவள் போகாமல் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, நளீம் காக்காட்டச் சொல்லி இவருக்கும் ஒரு விசா எடுத்துத் தாங்க" என்று கெஞ்சத் தொடங்கினாள். அவளுடைய மாப்பிள்ளை இன்ஸாபைத் தெரியும்தானே, ஒலுவில் துறைமுகத்தில் போட் இஞ்சின் பழுது பார்க்கிறவன். ஒளித்து ஒளித்துக் குடித்தவன் இப்போது காலையிலும் குடிக்கிறானாம். நோன்பு மாதத்திலும் நிற்கவில்லை. அவளுடைய காக்காமார், பெருநாள் முடிந்ததும் அவனை வீட்டை விட்டு அனுப்புவோம் என்கிறார்கள். "வெளிநாட்டுக்குப் போனாத் திருந்திருவார் ராத்தா, அங்க இதெல்லாம் கிடைக்காதுதானே?" என்கிறாள்.

இல்லாத கட்டாரில் இருக்கும் மனிசனிடம் இல்லாத விசாவைக் கேட்டு எழுதுகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். அவள் நம்பிக்கையோடு போன விதத்தைப் பார்க்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

நீங்கள் இருக்கும் இடத்தை அவளுக்குச் சொல்லட்டுமா? இது உங்கள் பெயர், உங்கள் மானம். நீங்கள் ஓம் என்றால்தான் சொல்வேன். பெருநாளைக்கு முன் பதில் எழுதுங்கள்.

துஆவுடன்,
ஸகியா

*

2025.04.05

அன்பின் ஸகியா,

ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்திருக்கும். என் பதில் பிந்திவிட்டது. அதற்குக் காரணம் உண்டு, இப்போது எழுத முடியவில்லை.

சொல்ல வேண்டாம்.

இன்ஸாபை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹுஸ்னியா வளர்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தூள்காரனின் மகள் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை எந்த மருந்தால் ஆற்றுவது? கட்டார்தான் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சட்டை. அதையும் சந்தியில் வைத்துக் கழற்றாதே. உன்னிடம் இதுவரை எதையும் கேட்காதவன் கேட்கிறேன்.

நளீம்

*

கல்முனைக்குடி
2025.04.07

அன்புள்ள ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளும் போய்விட்டது, உங்கள் பதில் வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்ற துஆவோடு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை சிபானாவின் காக்காமார் இன்ஸாபை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒரு சொட்டும் கொடுக்காமல் வைத்திருந்தால் தெளிந்துவிடுவானாம். ஞாயிறு பகல் சிபானா தலைக்குச் சீலையும் இல்லாமல் ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். உடம்பு வேர்த்து ஊற்றுகிறது. கை நடுங்குகிறது. சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டித் தட்டி விடுகிறான். சிபானாவைப் பார்த்து, மௌத்தாகி அடக்கமாகிவிட்ட தன் உம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். மூத்த காக்கா, "சும்மா இரிங்க, குடி இறங்குது" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

உங்கள் கடிதத்தில் கிறிஸ்ரோபர் அண்ணன் சொன்னது எழுத்து எழுத்தாக என் கண்முன் வந்தது. "இவர இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. சாராயத்த ஒரேயடியா நிப்பாட்டினா உயிர் போகும்" என்று கத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தையல் மெஷினுக்கு முன்னால இரிக்கிற உனக்கு இது எப்பிடித் தெரியும்? கட்டாருல இதெல்லாமா படிச்சிக் குடுக்காங்க?" என்றார்.

முற்றம் நிறைய ஆட்கள். அந்த நேரம் நான் உங்களை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். "என்ட மாப்பிள்ள கட்டாருக்குப் போகல்ல. தூள் எடுத்தவரு. அத விடுறதுக்கு மலைநாட்டில மருந்தெடுக்காரு. அவருதான் எழுதினாரு. இப்ப கதவத் திறங்க."

திறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி மருந்து கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கை மீறியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். பூட்டி வைத்தது யார் என்று அவர் கேட்டபோது காக்காமார் நிலத்தைப் பார்த்தார்கள். தெளிந்த பிறகு என்ன வழி என்று சிபானா கேட்டாள். எல்லாருக்கும் ஒரே வழியில்லை, சிலர் வீட்டிலிருந்தே கிளினிக்குக்கு வந்து மாத்திரையோடும் ஆலோசனையோடும் குடியை விடுவார்கள், சிலர் தங்கித்தான் விட வேண்டும், ஆளையும் வீட்டையும் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். சிபானா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இன்ஸாபின் உயிரைக் காப்பாற்றியது உங்கள் கடிதம். இதை மறக்க வேண்டாம். மற்றதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஸகியா

*

கல்முனைக்குடி
2025.04.12

அன்புள்ள ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொல்ல வேண்டாம் என்ற உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரண்டு கடிதங்களும் மலைப்பாதையில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் கேட்ட ஒன்றே ஒன்றை என்னால் தர முடியாமல் போனது எனக்குக் கவலை. செய்ததில் கவலையில்லை. உங்கள் கடிதம் அந்த ஞாயிற்றுக்கு முதல் கிடைத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஸைனுலாப்தீன் காக்கா இப்போது உங்கள் கடிதத்தை பில்லுக்குள் வைக்காமல் கையில் தருகிறார். "மகளுக்குக் கடிதம்" என்று சத்தமாகச் சொல்கிறார்.

நீங்கள் இனி எழுதாமல் விட்டுவிடுவீர்களோ என்று ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏசியாவது எழுதுங்கள்.

ஸகியா

*

2025.05.11

அன்பின் ஸகியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பலமுறை எழுதத் தொடங்கினேன். நீ சொன்னதை வாசித்ததும் வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். யாரோடும் கதைக்காமல், வட்டத்தில் வாயும் திறக்காமல் திரிந்தேன்.

போன வாரம் கிறிஸ்ரோபர் அண்ணன், "புதுசா ஒராள் வாறாரு, நீதான் கேற்றுக்குப் போய்க் கூட்டி வரணும்" என்றார். புதிதாக வருகிறவரைப் பழைய ஆள் ஒருவர் போய்க் கூட்டி வருவதும் பையைத் தூக்குவதும் இங்குள்ள வழக்கம். போனால் வாசலில் இன்ஸாப்! ஆஸ்பத்திரியால் வந்தும் துறைமுகத்தில் பழைய கூட்டாளிமார் விடவில்லையாம். தங்கியிருந்து குடியை விடுவதுதான் நல்லது என்று டொக்டர் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் எப்படி முகத்தைப் பார்ப்பான், என்ன சொல்வான் என்று நான் பயந்துகொண்டு போக, அவன் சொன்னான்: "என்ன காக்கா, கட்டார் இவ்வளவு குளிரா?"

கேற்றில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவன் அழுதான். நீ தந்துவிட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். ஓம், போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பைக்குள் கிடக்கவில்லை.

இப்போது அந்தப் பிந்திய பதிலின் காரணத்தை எழுதலாம். சொல்லட்டுமா என்று நீ கேட்ட கடிதம் வந்த அன்று நான் இங்கிருந்து வெளியேறிவிட்டேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணமே என்னைத் தள்ளிக்கொண்டு போனது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த பஸ்ஸில் ஏறினால் தூள் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கிறிஸ்ரோபர் அண்ணன் பின்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் இரண்டு பிளேன்டீ. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குடித்து முடிந்ததும் கோப்பைகளைக் கடையில் கொடுத்துவிட்டு நடந்தார். நானும் நடந்தேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மதிப்பைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

அந்தப் பயத்தோடுதான் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். நீ அதே பயத்தை முற்றம் நிறைந்த சனத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். என் பெண்சாதி என்று உன்னைச் சொல்ல எனக்குத் தகுதி வர வேண்டும் ஸகியா. அதற்குத்தான் இனி மருந்தெடுக்கிறேன்.

மாதக் கடைசி ஞாயிறு வருவாயா? இனி ஊர் கேட்டால் கேட்கட்டும்.

பிரியமுடன்,
நளீம்

*

கல்முனைக்குடி
2025.06.12

அன்புள்ள என் ஹுஸ்னியாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக முடிந்தது. உங்கள் பங்கு இறைச்சியை ஸைனுலாப்தீன் காக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கோபம் இல்லைத்தானே?

அன்று உங்களைப் பார்த்துவிட்டு சிபானாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். ஹுஸ்னியா என் மடியில் தூங்கிப்போனாள். நீங்கள் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்ததையே நினைத்துக்கொண்டு வந்தேன். போன வருஷம் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் சாரத்தில் ஊற்றிக்கொண்ட மனிசன், தட்டு நிறையக் கோப்பைகளை அடுக்கிப் படியிறங்கி வந்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை. இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். கேட்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறதென்று விளங்குவதில்லை. சிபானாவுக்கு மட்டும் விளங்குகிறது.

பிள்ளைக்கு நானே சொல்லிவிட்டேன். வாப்பாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது, அதற்கு மருந்தெடுக்கிறார், கட்டார் என்று உம்மாதான் பொய் சொன்னேன் என்று. அவள், "அப்ப வாப்பா கிட்டத்தானே இரிக்காரு" என்று சந்தோசப்பட்டாள்.

அடுத்த மாதம் வருகிறீர்கள். என் காக்கா, பழைய வானையே அனுப்புகிறேன், சுபஹுக்கு முன் வந்து பின்கடப்பால் இறங்கலாம் என்கிறார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உங்கள் விருப்பம் எதுவோ அதுதான்.

துஆவுடன்,
ஸகியா

*

2025.06.29

அன்பின் ஸகியா,

ஸலாம். வான் வேண்டாம். பஸ்ஸில் வருகிறேன். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சனம் கலைகிற நேரம் பள்ளிவாசலடியில் இறங்குவேன்.

எனக்குச் சுகமாகிவிட்டது என்று யாருக்கும் சொல்லாதே. சுகமாகிக்கொண்டு வருகிறது என்று சொல். ஊருக்கு வந்ததும் கிளினிக்குக்குப் போக வேண்டும், அண்ணனுக்கு அடிக்கடி போன் எடுக்க வேண்டும். சிறுபோக அறுவடைக்கு மெஷினில் ஏற மாட்டேன். ஹாஜியார் கேட்டால் நானே சொல்கிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. கறிக்கு என்ன வைப்பாய்?

நளீம்

*

கல்முனைக்குடி
2025.07.20

அன்புத் தம்பி இன்ஸாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கம்பளிச் சட்டை உன்னிடமே இருக்கட்டும். சிபானாவும் பிள்ளையும் நலம். அவளுடைய மூத்த காக்கா என்னிடம் வந்து, உன்னைப் பார்க்க எந்த பஸ்ஸில் போவது என்று விசாரித்துவிட்டுப் போனார். இந்த மாதக் கடைசி ஞாயிறு வந்தாலும் வருவார். ஏசாமல் தேத்தண்ணி கொடு.

நான் வந்த கதையைக் கேள். பள்ளிவாசலடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நம்மூர்ச் சனத்தின் மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, "கட்டாருல இப்ப வெயில் எப்பிடி?", "லீவு எத்தின மாசம்?", "சாமான் பின்னால வருதா?" என்று கேட்கிறார்கள். நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக ஊரே சேர்ந்து என் பொய்யைத் தாங்கிப் பிடிக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஹுஸ்னியாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஸகியா வீதிக்கு அந்தப் பக்கம் நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் எப்படி ஓம் என்று சொல்வது?

"நான் கட்டாருக்குப் போகல்ல. தூள் எடுத்த நான். அத விட மருந்தெடுக்கப் போன. இன்னும் எடுக்கன்" என்றேன். மெதுவாகச் சொல்ல நினைத்தேன், சத்தமாக வந்துவிட்டது. மீராமுகைதீன் ஹாஜியார் தன் வெள்ளை ஜிப்பாவோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர் சட்டென்று திரும்பி நடந்துவிட்டார். சரி, அந்த வாசலில் இனி வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினேன்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் இருக்கிறேன், வீட்டின் பின்பக்கம் யாரோ செருமும் சத்தம். பின்கடப்படியில் ஹாஜியார். தனியாக வந்திருக்கிறார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கிய மனிசன் குரலைத் தணித்துக் கேட்கிறார்.

"நளீம், என்ட இளையவன்… நீ போன இடத்துக்கு ஆள் சேர்க்கிறண்டா என்ன செய்யணும்? ஊருக்கு அவன் மலேசியாவில படிக்கான் எண்டுதான் சொல்லி வெச்சிரிக்கன். அறைக்குள்ளதான் கிடக்கான்."

அந்த மெஷினில் என்னைக் கண் மூடாமல் வைத்திருந்த மனிசன் அவர். ஆனால் அந்த முகத்தில் அதை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. எழும்பி அவரிடம் போனேன்.

அதற்குள் குசினிக்குள்ளிருந்து ஸகியாவின் குரல் வந்தது.

"ஹாஜியார், அங்கால நிக்காதீங்க. சுத்தி முன்வாசலால வாங்க. இந்த வீட்டில இப்ப எல்லாரும் முன்வாசலாலதான் வாற."

அவர் தயங்கினார். வீதியில் ஆட்கள் நடமாட்டம். பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு, நாலு பேர் பார்க்க, எங்கள் முன்வாசலால் உள்ளே வந்தார். ஸகியா தேத்தண்ணி ஊற்றினாள், நான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேற்றுக்குப் போகும் முறை இனி உன்னுடையது இன்ஸாப். ஹாஜியாரின் பையன் மெலிந்து போயிருக்கிறானாம், பையை நீயே தூக்கு.

பிரியமுடன்,
நளீம் காக்கா